முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு

ஐந்தரை அடி உயர மனிதன் ஒருவனை 350 மடங்கு சுருக்கினால் அவன் ஐந்து மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக நிற்பான். ஓர் அரிசிமணியைவிடச் சிறியவன். டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை 1/350 அளவில் செய்துகொள்ளும் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளை டமியா, ரெவெல் போன்ற நிறுவனங்கள் வெளியிட்டிருக்கின்றன. ஒட்டி முடித்தால் கப்பல் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர் நீளம் வரும். எட்டு பெரிய பீரங்கிகள், நான்கு கோபுரங்கள், புகைபோக்கி, நங்கூரச் சங்கிலி, உயிர்காக்கும் படகுகள், தேடுவிளக்குகள் எல்லாம் இருக்கும். இவ்வளவு இருந்தும், அதில் வாழ்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களில் ஒருவரைக்கூட இந்த அளவுப் பெட்டிகளில் பொதுவாகப் பார்க்க முடியாது. மாலுமிகள் வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெட்டியை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு நாவலில் யார் பேசுகிறார்கள், யார் அடுக்களையில் இருக்கிறார்கள், யாருக்குப் பெயரே இல்லை என்று பார்க்கப் பழகியிருக்கிறோம். கடையில் விற்கும் பொருளையும் அப்படிப் பார்க்கலாம். இந்தப் பெட்டியை வாங்குபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சிறுவர்கள் குறைவு, நடுவயதுக்காரர்களே அதிகம். ‘துல்லியம்’ என்பது அவர்களிடையே பெரிய மதிப்பு. 1944 ஜூலையில் கப்பலின் வலப்பக்கம் எந்தச் சாம்பல், எந்த மாதம் எந்தக் கோபுரத்தின் உச்சி எந்த நிறம் என்று விவாதிப்பார்கள். அந்தத் துல்லியத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் வேலையைப் பார்ப்போம், ஏனென்றால் வேலை நன்றாக இருக்கிறது. பாலிஸ்டைரீன் பாகங்கள் ஒரு சட்டத்தில் கிளையில் காய் தொங்குவதுபோல் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, காம்பு இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இடுக்கியால் பிடித்து, ஊசிமுனையளவு பசை தொட்டு வைக்க வேண்டும். மிஞ்சிய சட்டத்தை மெழுகுவத்திச் சுடரில் காட்டி மெல்ல இழுத்தால் தலைமயிரைவிட மெல்லிய இழை வரும். அதுதான் கப்பலின் கம்பிக்கயிறு. கைப்பிடி வேலிக்குப் பித்தளைத் தகடு, தலைப்பின்னல்போல் நுணுக்கமாக அரித்தெடுத்தது. இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு நினைவு வருவது கடற்படை அல்ல. குரோஷா பின்னும் பெரியம்மா, ஒயர் கூடை போடும் பக்கத்து வீட்டு அக்கா, சட்டையின் காஜா தைக்கும் கை. படிப்படியாக எண் போட்ட செய்முறைத் தாளும் பின்னல் புத்தகமும் ஒரே இலக்கணத்தில்தான் எழுதப்படுகின்றன.

ஆனால் ஒன்றுக்குப் பெயர் ‘ஹாபி’, இன்னொன்றுக்குப் பெயர் ‘சும்மா இருக்கும்போது செய்வது’. ஒன்றுக்குத் தனி மேசை வேண்டும், தனி விளக்கு வேண்டும், பசை காயும் வரை யாரும் தொடக்கூடாது. இன்னொன்று மடியிலேயே நடக்கும். குக்கர் விசில் அடித்தால் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒயர் கூடை காய்கறி சுமக்கும். கோலம் பத்து மணிக்குள் காலடியில் அழியும். கப்பல் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அப்படிப் போகாமல் அலமாரி மேல் திறந்தே இருந்தால், அதன் கம்பிகளுக்கிடையில் படியும் தூசியை ஒன்றும் உடையாமல் தட்டுவது யார் என்று விசாரித்துப் பாருங்கள். நான் விசாரித்த இரண்டு வீடுகளிலும் ஒரே பதில்தான் கிடைத்தது.

இந்த வேலையின் பொறுமையைக் கேலி செய்வது சுலபம். போர்ப் பொம்மை எல்லாம் வன்முறை என்று ஒரு வரியில் முடித்துவிடுவது அதைவிடச் சுலபம். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கவனம் என்பது அரிய பொருள். ஒருவர் 200 மணி நேரம் ஒரு பொருளையே உற்றுப் பார்க்கிறார் என்றால், அவர் எதைப் பார்க்காமல் விட்டார் என்று கேட்பது அவருடைய கவனத்தை மதிப்பதுதான்.

கப்பலின் பாலுக்கு வருவோம். தமிழில் கப்பல் அஃறிணை. ‘அது’ வந்தது, ‘அது’ போனது. ஆங்கிலத்தில் வெகுகாலம் ‘அவள்’. லண்டனின் பழைய கப்பல் இதழான லாயிட்ஸ் லிஸ்ட் 2002-இல்தான் அந்த வழக்கத்தை விட்டது. ஜெர்மன் மொழியில் கப்பலுக்கு ஆண் பெயர் வைத்தாலும் அதற்கு முன் வரும் சுட்டு பெண்பால். டிர்பிட்ஸின் இரட்டையான பிஸ்மார்க் கப்பலின் தலைவர் லிண்டெமன், இவ்வளவு வலிமையானதை ‘அவள்’ என்று சொல்லக்கூடாது, ‘அவன்’ என்றே சொல்ல வேண்டும் என்றாராம். அக்கப்பலில் உயிர் பிழைத்த அதிகாரி ஒருவர் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். டிர்பிட்ஸுக்கோ நார்வேக்காரர்கள் வைத்த பெயர் ‘வடக்கின் தனித்த ராணி’. சர்ச்சிலுக்கு அது ‘மிருகம்’. கப்பல் நீரில் நிற்கிறது. பெண்ணாகவும் மிருகமாகவும் ஆவதெல்லாம் கரையில் நடக்கும் வேலை.

நமக்குத் தெரிந்த ஜெர்மன் போர்க்கப்பல் இன்னொன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன எம்டன். கப்பல் போய்ச் சேர்ந்தது. சொல் நம்மிடம் தங்கிவிட்டது. ‘அவன் சரியான எம்டன்’ என்போம். தந்திரசாலி, கெட்டிக்காரன், வீட்டில் எல்லோரையும் நடுங்க வைக்கும் அப்பன் எல்லாருக்கும் அந்தப் பெயர் பொருந்தும். கொடுமைக்கார அப்பாவைப் பற்றிய ஒரு படத்துக்கு ‘எம்டன் மகன்’ என்று பெயர் வைத்து, தமிழ்த் தலைப்புக்கான வரிவிலக்குக்காக 2006-இல் ‘எம் மகன்’ என்று மாற்றினார்கள். ஒரு பெண்ணை யாரும் எம்டன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. குண்டு விழுந்த ஊரிலேயே குண்டு போட்ட கப்பல் பாராட்டுச் சொல்லாகிவிட்டது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

போர்க்கப்பலின் வாழ்க்கையில் பெண் ஒருத்தி மேடையேறும் தருணம் ஒன்று உண்டு: வெள்ளோட்டம். புட்டியை உடைத்துப் பெயர் சூட்ட ஒரு பெண் வேண்டும். பிறகு அவள் இறங்கிப் போய்விடலாம். டிர்பிட்ஸுக்குப் பெயர் சூட்டியவர் இல்ஸே ஃபான் ஹாஸல். 1939 ஏப்ரல் 1, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகம். ஹிட்லர் வந்திருந்தார். இல்ஸேவின் தந்தைதான் ஜெர்மனியின் பெருங்கப்பற்படையைக் கட்டியெழுப்பிய அட்மிரல் ஆல்ஃபிரெட் ஃபான் டிர்பிட்ஸ், 1930-இல் இறந்துவிட்டார். இறந்த தந்தையின் பெயரை 40,000 டன்னுக்கும் அதிகமான உருக்கின்மேல் மகள் சூட்டினாள். கணவர் உல்ரிக் ஃபான் ஹாஸல் ரோமில் தூதராக இருந்தவர், அதற்கு முந்தைய ஆண்டு பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். அவர் அப்போதே ஹிட்லரை வெறுத்தார், நாட்குறிப்பும் எழுதிவந்தார். வீட்டுத் தோட்டத்தில் தேயிலை டப்பாவுக்குள் புதைத்துவைத்த பக்கங்களும் அதில் உண்டு. 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. செப்டம்பர் 8-இல் உல்ரிக்குக்கு மரண தண்டனை விதித்து, அன்றே பெர்லின் பிளோட்ஸன்ஸே சிறையில் தூக்கிலிட்டார்கள்.

கதை அங்கே நிற்கவில்லை. சதியில் ஈடுபட்டவர்களின் குடும்பங்களையும் தண்டிக்கும் வழக்கம் நாஜி அரசிடம் இருந்தது. இத்தாலியில் திருமணமாகி வாழ்ந்த மகள் ஃபையைக் கைது செய்தார்கள். அவருக்கு இரண்டு பையன்கள். மூத்தவனுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை, இளையவனுக்கு இரண்டு. இன்ஸ்ப்ரூக் நகரில் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், பெயரை மாற்றி, ஒரு குழந்தைகள் இல்லத்தில் போட்டார்கள். ஃபை ஷ்டுட்ஹோஃப், புகன்வால்ட், டாகௌ என்று முகாம் முகாமாக அலைக்கழிக்கப்பட்டார். அவர் பிள்ளைகளைப் பிரிந்திருந்த 1944 நவம்பரில் பாட்டி பெயர் சூட்டிய கப்பல் கவிழ்ந்தது. போர் முடிந்தபின், 1945 கோடையில், இன்ஸ்ப்ரூக் பக்கத்து இல்லம் ஒன்றில் அந்தப் பையன்களைக் கண்டுபிடித்தவர் பாட்டி இல்ஸேதான். தபாலும் இரயிலும் தடுமாறிக்கொண்டிருந்த நாட்டில், பெயர் மாற்றப்பட்ட இரண்டு குழந்தைகளை ஓர் அறுபது வயதுப் பெண் தேடிக் கண்டுபிடித்தார்.

இல்ஸேவைப் புனிதராக்க எனக்கு எண்ணமில்லை. அவர் உயர்குடிப் பெண். தந்தை கட்டிய கப்பற்படையின் பெருமையில் வளர்ந்தவர். 1939-இல் அந்த மேடையில் நிற்க மறுக்கவில்லை. ஆனால் கப்பலைப் பற்றிய புத்தகங்களில் அவர் பெரும்பாலும் ஒரு வாக்கியம்: ‘அட்மிரலின் மகள் பெயர் சூட்டினார்.’ அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் பெண்ணைத் தேட வேண்டுமானால் கப்பல் அலமாரியை விட்டு வெளியேறி, மகள் ஃபை எழுதிய நினைவுநூல் இருக்கும் அலமாரிக்குப் போக வேண்டும். நூலகங்கள் இரண்டையும் எவ்வளவு தொலைவில் வைக்கின்றன என்று மாணவிகள் அளந்து பார்க்கலாம்.

இந்த வகைப் பெட்டிகளின் மேலட்டையில் ஓவியம் ஒன்று வழக்கமாக இருக்கும். அலை கிழிபட, முன்பக்கம் நம்மை நோக்கி, பெரிய பீரங்கிகள் தயாராக. டிர்பிட்ஸ் தன் பெரிய பீரங்கிகளால் எந்த எதிரிக் கப்பலையும் சுட்டதே இல்லை. 1943 செப்டம்பரில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக் கரையைச் சுட்டது, அவ்வளவுதான். மற்ற காலமெல்லாம், 1942 ஜனவரி முதல், நார்வேயின் கடற்கழிகளில் மறைந்து நின்றது. மறைந்து நின்றதே அதன் ஆயுதம். 1942 ஜூலையில் அது புறப்பட்டு வருகிறது என்ற அச்சத்தில் பி.க்யூ.17 என்ற வணிகக் கப்பல் அணியைச் சிதறிப் போகச் சொன்னார்கள். காவலின்றித் தனித்தனியே போன கப்பல்களை நீர்மூழ்கிகளும் விமானங்களும் வேட்டையாடின. 24 கப்பல்கள் போயின. அந்த அணியில் அஜர்பைஜான் என்ற சோவியத் எண்ணெய்க் கப்பலும் இருந்தது. அதில் பெண்களும் மாலுமிகளாகப் பணிபுரிந்தார்கள். டார்பிடோ பட்டும் அது மூழ்காமல் துறைமுகம் சேர்ந்தது. அந்தக் கப்பலுக்கு மாதிரிப் பெட்டி நான் பார்த்ததில்லை.

மறைந்து நிற்பதற்கு உழைப்பு வேண்டும். வலை, மரக்கிளை, அடிக்கடி மாறும் பூச்சு. மாதிரி செய்பவர்கள் உயிரைக் கொடுத்து விவாதிக்கும் அந்தக் கோணல்மாணல் கோடுகள் எல்லாம் ஒளிவதற்கான வேஷம். இவற்றோடு செயற்கைப் புகையும் இருந்தது. விமானம் வருகிறது என்றால் கடற்கழியைச் சுற்றி குளோரோசல்ஃபூரிக் அமிலத்திலிருந்து புகை கிளப்பி, பள்ளத்தாக்கையே மூடிவிடுவார்கள். ஆல்ட்டாவுக்கு அருகே கோஃபியோர்ட் என்ற இடத்தில் இது நடந்தது. பல பத்தாண்டுகள் கழித்து ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா ஹார்ட்ல் என்ற ஆய்வாளர், பழைய தட்பவெப்பத்தை அறிய அங்குள்ள பைன் மரங்களின் ஆண்டு வளையங்களைத் துளையிட்டு எடுத்துப் பார்த்தார். பல மரங்களில் 1945-க்கான வளையமே இல்லை. முதலில் பூச்சி அரித்திருக்கும் என்று நினைத்திருக்கலாம், காரணம் புகை. ஊசியிலைகள் கருகி, மரம் வளர்வதையே நிறுத்திவிட்டது. ஒரு மரம் ஒன்பது ஆண்டுகள் வளரவில்லை. 2018-இல் இந்த ஆய்வை அவர் முன்வைத்தார்.

இந்த ஆய்வை நான் மாதிரிக் கப்பலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் நுணுக்கமான வேலை. இரண்டும் மில்லிமீட்டரில் நடப்பவை. ஹார்ட்ல் தேடிப் போனது கப்பலை அல்ல. இல்லாமல் போன ஒரு வளையத்தை எண்ணியபோது கப்பல் அவருக்குத் தட்டுப்பட்டது. புகையைப் பெட்டியில் அடைத்து விற்க முடியாது என்று யாரேனும் சொல்லலாம். கடலைப் பிசினில் வார்க்கிறார்கள், அலையின் நுரைக்குப் பஞ்சு வைக்கிறார்கள், துருவைக்கூடத் தனி மையாக விற்கிறார்கள். செய்ய வேண்டும் என்று தோன்றினால் பைன் மரமும் செய்யலாம்.

கோஃபியோர்டின் கரையில் மனிதர்களும் இருந்தார்கள். 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க் மாவட்டத்தையும் வட ட்ரோம்ஸையும் எரித்துக்கொண்டே போனது. வீடு, படகு, தொழுவம், மருத்துவமனை எதுவும் மிஞ்சவில்லை. ஏறத்தாழ 50,000 பேரைக் கட்டாயமாக வெளியேற்றினார்கள். வெளியேற மறுத்துக் குகைகளிலும் மண்குடிசைகளிலும் குளிர்காலத்தைக் கழித்த குடும்பங்கள் உண்டு. சாமிப் பழங்குடி மக்களின் ஊர்கள் பல இதில் சாம்பலாயின. குளிரில் ஒரு குகைக்குள் குடும்பம் நடத்துவது என்றால் யார் நடத்தினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேறொரு வகைப் பெண்களும் இருந்தார்கள். ஐந்தாண்டு ஆக்கிரமிப்பில் நார்வே முழுக்க லட்சக்கணக்கில் ஜெர்மன் ஆண்கள். டிர்பிட்ஸில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல். அவர்களைக் காதலித்தவர்கள், மணந்தவர்கள், வெறுமனே பேசியவர்கள் எல்லோரையும் 1945 மே மாதத்துக்குப் பிறகு ஊர் தண்டித்தது. தெருவில் தலையை மழித்தார்கள். விசாரணையின்றி முகாம்களில் அடைத்தார்கள். ஜெர்மானியரை மணந்தவர்களின் குடியுரிமையைப் பறித்து நாட்டை விட்டு அனுப்பினார்கள். ஜெர்மன் பெண்களை மணந்த நார்வே ஆண்களுக்குக் குடியுரிமை போகவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ‘எதிரியின் பிள்ளை’ என்று வளர்ந்தார்கள். அப்பா என்ற பாடகர் குழுவின் ஆனி-ஃப்ரிட் அந்தக் குழந்தைகளில் ஒருவர். பாட்டி அவரை ஸ்வீடனுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நார்வே அரசு அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது 2018 அக்டோபரில், பிரதமர் எர்னா சோல்பெர்க் மூலமாக. கப்பலை மூழ்கடித்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்க 73 ஆண்டுகள் ஆகவில்லை.

பெட்டியில் இல்லாத இன்னொன்று ஸ்வஸ்திகா. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதைத் தடை செய்கிறது. கலை, ஆய்வு, கற்பித்தல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்தச் சந்தைக்கும் விற்க வேண்டும் என்பதால் ஒட்டுப்படத் தாளில் கொடி இருக்கும், சின்னம் இருக்காது. சில தயாரிப்பாளர்கள் அதை இரண்டு துண்டாக அச்சிட்டு, ஒட்டிக்கொள்வதை வாங்குபவரிடம் விட்டுவிடுவார்கள். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அதை எடுத்துட்டா கப்பல் நல்ல கப்பலாயிடுமா மேடம்?” இன்னொருத்தி, “வச்சா மட்டும்?” என்றாள்.

இரண்டுமே சரியான கேள்விகள். சின்னத்தை எடுத்துவிட்டால் கப்பல் வெறும் பொறியியலாகிவிடுகிறது. எந்த ஆட்சியின் கப்பல் என்பது மறைந்து, அழகான கோடுகள் மட்டும் மிஞ்சுகின்றன. ‘வரலாற்றுத் துல்லியத்துக்காக’ அதை ஒட்டியே தீருவேன் என்பவருக்கோ, அந்த ஒரு சதுர சென்டிமீட்டரோடு வரலாறு முடிந்துவிடுகிறது. தடை சரி என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சின்னத்தைத் திரும்பத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இன்றும் தெருவில் இருக்கிறார்கள். ஆனால் தடையால் கப்பலைப் பற்றிய அறிவு கூடுவதில்லை. அதற்கு வேறு தாள் வேண்டும். செய்முறைத் தாளின் முதல் பக்கத்தில் வழக்கமாகக் கப்பலின் சுருக்க வரலாறு இருக்கிறது: நீளம், எடை, குதிரைத்திறன், வெள்ளோட்டம், முடிவு. அங்கே இடமிருக்கிறது. இல்ஸேவின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு வரி, கோஃபியோர்டின் மரங்களுக்கு ஒரு வரி, எரிந்த ஊர்களுக்கு ஒன்று. மாதிரி செய்யும் பெண்களும் இருக்கிறார்கள். இதை எழுத வேறெங்கும் ஆள் தேட வேண்டியதில்லை. அந்த இரண்டாவது மாணவி தனக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டாள். கப்பல் கவிழ்ந்து அடிப்பாகம் மேலே தெரிகிற நிலையில் செய்யப்போகிறாளாம். பாதிப் பாகங்கள் மிஞ்சிவிடுமே என்றேன். கம்பி இழுத்துக்கொள்வேன் என்றாள்.

அவள் செய்ய நினைக்கும் நிலை 1944 நவம்பர் 12-இன் நிலை. ட்ரோம்சோவுக்கு அருகே ஹோக்கோயா தீவின் பக்கம், 32 பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்கள் ஒவ்வொன்றும் ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட குண்டோடு வந்தன. அன்று புகை கிளப்பும் ஏற்பாடு அங்கே இன்னும் தயாராகவில்லை. சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். உள்ளே அகப்பட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களை அடிப்பாகத்தின் உருக்கை வெட்டி வெளியே எடுத்தார்கள்.

போருக்குப் பிறகு, 1957 வரை, கப்பலை அங்கேயே துண்டு போட்டு விற்றார்கள். உருக்கின் ஒரு பகுதி சேகரிப்பாளர்களுக்கான கத்தியாயிற்று. தடித்த தகடுகள் சில நார்வே நெடுஞ்சாலைத் துறையின் கைக்குப் போயின. சாலை தோண்டும்போது பள்ளத்தின் மேல் தற்காலிகமாகப் போடுவதற்கு.